பைட்டுக்கு ஒரு வெளியேற்றம்: நிலைப்பொருள் தரவை வாசிக்கும் கெர்னல் டிரைவர்

நிலைப்பொருள் எனப்படும் ஃபர்ம்வேர், கணினிக்கு மின்சாரம் கிடைத்தவுடன் இயங்குதளத்துக்கு முன்பாகவே விழித்துக்கொண்டு, நினைவகம் எவ்வளவு, வட்டுகள் எவை, எந்த வரிசையில் அவற்றை நாடுவது என்பனவற்றை முடிவு செய்துவிட்டு, பொறுப்பை இயங்குதளத்தின் கருவான கெர்னலிடம் ஒப்படைக்கும் சிறு நிரலாகும். உண்மையான கணினியில் இந்த விவரங்களைத் தாய்ப்பலகையிலுள்ள சில்லுகளிடம் கேட்டு அது தெரிந்துகொள்கிறது. மென்பொருளாலேயே ஆன மெய்நிகர் இயந்திரத்திலோ கேட்பதற்குச் சில்லு ஏதும் இல்லாததால், அந்த இயந்திரத்தை நடத்தும் மென்பொருளே விவரங்களை உள்ளே அனுப்பியாக வேண்டியிருக்கிறது. ஃபப்ரீஸ் பெல்லார் 2003இல் தொடங்கி, இன்று உலகெங்கும் மெய்நிகர் இயந்திரங்களின் அடித்தளமாக விளங்கும் கியூஎமு என்னும் மென்பொருள், இந்தப் பணிக்கென்றே எஃப்டபிள்யூ-கான்ஃபிக் என்ற கற்பனைச் சாதனம் ஒன்றை வைத்திருக்கிறது. இந்தச் சாதனத்திலிருந்து தரவை வாசிக்கும் லினக்ஸ் டிரைவரையும், அந்த வாசிப்பு ஏன் மெதுவாகிறது, எவ்வாறு விரைவாக்கலாம் என்பதையும், இத்தொழிலில் கைபழகியவர்களின் அனுபவத்தை ஒட்டி இக்கட்டுரை விளக்குகிறது.

சாதனத்துக்குள் தரவு கோப்புகளாக அடுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கோப்புக்கும் 16 பிட் அளவிலான திறவு எண் ஒன்று உண்டு. பதினாறு அடிமான எண்முறையில் 19 என்ற திறவின்கீழ் கோப்புகளின் அட்டவணை இருக்கிறது. அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் 64 பைட் நீளமுடையது. அதில் 4 பைட் கோப்பின் அளவுக்கும், 2 பைட் திறவுக்கும் உரியவை, 2 பைட் காலியாக விடப்பட்டுள்ளது, மீதி 56 பைட் பெயருக்கு உரியது. சாதனங்களையும் மின் மேலாண்மையையும் விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணைகள், இயந்திரத்தின் அடையாள விவரங்களைக் கொண்ட எஸ்எம்பயாஸ் பதிவுகள், தொடக்க வரிசை முதலியவற்றைக் கியூஎமு இதில் வைக்கிறது. சீபயாஸ், ஓவிஎம்எஃப் ஆகிய நிலைப்பொருள்கள் அவற்றை எடுத்துக்கொள்கின்றன. இவற்றோடு, பயனர் தம் விருப்பப்படி எந்தக் கோப்பையும் இதில் சேர்க்க இடமுண்டு என்பதே பிற்காலச் சிக்கலுக்குக் காரணமாயிற்று. ஃபெடோரா கோர்ஓஎஸ் போன்ற இயங்குதளங்களில் முதல் தொடக்கத்தின்போது இயந்திரத்தை அமைத்துத் தரும் இக்னிஷன் என்ற நிரல், கியூஎமுவில் தன் அமைவுக் கோப்பை இந்தச் சாதனத்திலிருந்தே வாசிக்கிறது. அந்த அமைவுக் கோப்புக்குள் முழுக் கோப்புகளையே திணித்து அனுப்பும் வழக்கம் பரவியபோது, சில கிலோபைட் அளவை எண்ணி வகுக்கப்பட்ட வழியில் மெகாபைட் கணக்கில் தரவு வரத் தொடங்கியது.

லினக்ஸ் கெர்னலுக்கு இதற்கான டிரைவரை எழுதியவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்ரியல் சோம்லோ. 2016இல் வெளியான 4.6 பதிப்பில் அது சேர்ந்தது. டிரைவர் என்பது கெர்னலுக்கும் ஒரு குறிப்பிட்ட சாதனத்துக்கும் இடையே பேச்சு நடத்தும் நிரல்பகுதி. இந்த டிரைவர், சாதனத்திலுள்ள ஒவ்வொரு கோப்பையும் சிஸ்எஃப்எஸ் என்ற மெய்நிகர்க் கோப்பு முறைமையில் திறவு எண்ணின்படியும் பெயரின்படியும் காட்டி, நிர்வாகப் பயனர் மட்டும் அவற்றைச் சாதாரணக் கோப்பு போலத் திறந்து வாசிக்க வழி செய்கிறது.

இத்தகைய தொழிலைச் செய்வதற்கு நகரத்து அலுவலகம் தேவையில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். திருவண்ணாமலையில் பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறம், கிரிவலப் பாதையை ஒட்டி அமைந்த அடி அண்ணாமலையில், வீட்டு மேசையில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு கெர்னல் வேலை செய்பவருக்கு, மூலநிரலை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். கெர்னலைத் தொகுப்பதும், அதைக் கியூஎமுவில் ஏற்றி இயக்குவதும், அது நிலைகுலைந்து விழுந்தால் காரணம் தேடுவதும் அந்த ஒரே கணினிக்குள் நடந்துவிடுகின்றன. பௌர்ணமி இரவுகளில் பாதை முழுவதும் மக்கள் வெள்ளம் நிரம்பிக் கைபேசி இணையம் திணறும்போதும் இந்த வேலை நிற்பதில்லை. சாதனமே கற்பனைச் சாதனம் என்பதால், விலை கொடுத்து வாங்க வேண்டிய வன்பொருளும் ஏதுமில்லை. கெர்னல் டிரைவர் எழுதக் கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு இதைவிட ஏற்ற பயிற்சிக்களம் அரிது.

இனி வாசிப்பு நடக்கும் முறை. எக்ஸ்86 கணினிகளில் பதினாறு அடிமான எண்முறையில் 510 என்ற துறையில் கோப்பின் திறவு எழுதப்படுகிறது. அதன்பின் 511 என்ற துறையை வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு முறையும் கோப்பின் அடுத்த பைட் கிடைக்கிறது. துறை என்பது சாதனத்தோடு பேசச் செயலி பயன்படுத்தும் எண்ணிட்ட வாயில். உண்மையான வன்பொருளில் ஒரு துறையை வாசிப்பது செயலியின் ஒரு கட்டளை மட்டுமே. மெய்நிகர் இயந்திரத்தில் அப்படியன்று. 2007இல் லினக்ஸின் 2.6.20 பதிப்பில் சேர்ந்த கேவிஎம் வசதியின் துணையோடு, மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்கும் விருந்தினர் இயங்குதளம் செயலியில் நேரடியாக ஓடினாலும், உண்மையில் இல்லாத சாதனம் ஒன்றை அது தொடும்போது செயலி அதை அங்கேயே நிறுத்தி, கட்டுப்பாட்டை வெளியிலுள்ள கெர்னலிடம் தர, அது கியூஎமுவை எழுப்ப, கியூஎமு ஒரு பைட்டை எடுத்துக் கொடுக்க, வந்த வழியே எல்லாம் திரும்ப வேண்டியிருக்கிறது. இந்த நிறுத்தத்துக்கு வெளியேற்றம் என்று பெயர். ஒரு வெளியேற்றத்துக்கு ஆகும் செலவு மைக்ரோநொடிக் கணக்கில்தான். ஆயினும், ஒரு பைட்டைப் பெறுவதற்கு ஆயிரக்கணக்கான செயலிச் சுழற்சிகள் கரைகின்றன.

இது மட்டுமே குறையாக இருந்திருந்தால் கோப்பின் அளவு இரட்டிப்பானால் நேரமும் இரட்டிப்பாகியிருக்கும். அளந்து பார்த்தவர்கள் கண்டதோ, அளவு இரட்டிப்பானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்பது. காரணம் டிரைவரின் வாசிப்புச் சார்பிலேயே இருக்கிறது. சிஸ்எஃப்எஸ் வழியாக வாசிப்பவர் எவ்வளவு பெரிய இடையகத்தைக் கொடுத்தாலும், ஒரு முறைக்கு ஒரு நினைவகப் பக்கம், அதாவது பெரும்பாலான கணினிகளில் 4096 பைட் மட்டுமே கிடைக்கும். அடுத்த பக்கத்துக்கான கோரிக்கை வரும்போது டிரைவர் திறவை மீண்டும் எழுதுகிறது. திறவு எழுதப்பட்டவுடன் சாதனத்தின் சுட்டி கோப்பின் தொடக்கத்துக்குத் திரும்பிவிடுவதால், வேண்டிய இடத்தை அடையும் வரை முன்பே பெற்ற பைட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக மறுபடி வாசித்து வீசி எறிகிறது. கிரிவலம் வருபவர் அட்டலிங்கங்களையும் தரிசிக்க எண்ணி, ஒவ்வொரு லிங்கத்தை முடித்ததும் ராஜகோபுரத்துக்கே திரும்பி, அங்கிருந்து புதிதாக நடந்து அடுத்த லிங்கத்துக்குப் போவதைப் போன்றது இது. பாதையின் நீளம் 14 கிலோமீட்டர்தான் என்றாலும் அவர் கால்கள் நடந்த தூரம் அதைப் போலப் பல மடங்கு.

கணக்கு எளிது. 64 கிலோபைட் கோப்பு 16 பக்கங்களாக வருகிறது. வீசப்படும் பைட்டுகளையும் சேர்த்து 5,57,056 பைட்டுகள் வாசிக்கப்படுகின்றன. ஒரு மெகாபைட் கோப்புக்கு 256 பக்கங்கள். மொத்த வாசிப்பு 13,47,42,016. நான்கு மெகாபைட்டுக்கு அது 214 கோடியைத் தாண்டிவிடுகிறது. ஒரு வெளியேற்றத்துக்கு 2 மைக்ரோநொடி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மெகாபைட்டுக்கு நாலரை நிமிடமும் நான்கு மெகாபைட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். எக்ஸ்86இல் பயனுள்ள பைட்டுகளை வாசிக்கும் பகுதி, ஒரே கட்டளையில் பல பைட்டுகளை இழுக்கும் சரக் கட்டளையைப் பயன்படுத்துவதால் அங்கே கேவிஎம் ஒரு தொகுதியாகவே வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் வீசி எறிவதற்கான சுற்று தனித்தனி வாசிப்பாக எழுதப்பட்டிருப்பதால், பெருஞ்செலவு முழுவதும் பயனற்ற பைட்டுகளுக்கே போகிறது. இந்த நிலை அறிந்தே இக்னிஷன் நிரல், அமைவுக் கோப்பு பெரிதாக இருந்தால் வாசிப்பு நேரம் அளவின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்று எச்சரித்து, பெரிய கோப்புகளை இணைய முகவரிக்கு மாற்றுமாறு பயனருக்கு அறிவுறுத்துகிறது. பயனர் நிரல் ஒன்று கெர்னலின் குறைக்காக மன்னிப்புக் கேட்பது போன்ற நிலை இது. குறை இருக்கும் இடத்திலேயே அதைத் தீர்ப்பதுதான் முறை.

குறையைக் கண்டறியும்போது இத்தொழிலில் பழகியவர்கள் முதலில் நிரலைத் திருத்துவதில்லை, வெளியேற்றங்களை எண்ணுகிறார்கள். விருந்தினர் இயந்திரத்துக்குள் இருந்துகொண்டு கடிகாரத்தைப் பார்ப்பது நேரத்தைச் சொல்லுமே தவிரக் காரணத்தைச் சொல்லாது. வெளியிலுள்ள கணினியில் பெர்ஃப் கருவியின் கேவிஎம் கணக்கெடுப்பை ஓட்டிவிட்டு, உள்ளே அந்தக் கோப்பை ஒருமுறை வாசித்தால், எந்தக் காரணத்துக்காக எத்தனை வெளியேற்றங்கள் நிகழ்ந்தன என்பது பட்டியலாகக் கிடைக்கிறது. அளவு வெவ்வேறான சில கோப்புகளைக் கொடுத்து அந்த எண்ணிக்கை வளரும் விதத்தைப் பார்த்தாலே, குறை நேர்கோட்டில் வளர்வதா வர்க்கத்தில் வளர்வதா என்பது தெளிந்துவிடும். எண்ணிக்கை கணக்கோடு ஒத்துப்போன பின்னரே மூலநிரலைத் திறப்பது நல்லது. பெரும்பாலான வேகத் திருத்தங்கள் வீணாவது, எண்ணாமல் திருத்தத் தொடங்குவதால்தான்.

தீர்வாகத் தோன்றுபவை பல. ஆர்ம் போன்ற கட்டமைப்புகளில் இந்தச் சாதனத்தின் தரவுப் பதிவகம் 8 பைட் அகலமுடையது என்பதால் ஒரே வாசிப்பில் எட்டு பைட் எடுக்கலாம். ஆனால் இது செலவை எட்டில் ஒன்றாக்குமே ஒழிய வர்க்க வளர்ச்சியை மாற்றாது, எக்ஸ்86க்கு உதவவும் உதவாது. கடைசியாக நின்ற இடத்தை டிரைவர் நினைவில் வைத்துக்கொண்டு, திறவை மறுபடி எழுதாமல் தொடர்ந்து வாசிக்கலாம் என்பது இன்னொரு யோசனை. அதற்கும் தடை உண்டு. சாதனத்தின் சுட்டி ஒன்றே ஒன்று. ஏசிபிஐ அட்டவணைகளில் பொதிந்துள்ள நிரலும் அதே சாதனத்தைத் தொடக்கூடும் என்பதால்தான் டிரைவர் ஒவ்வொரு வாசிப்பின்போதும் ஏசிபிஐயின் பொதுப் பூட்டைப் பிடித்து, முடிந்ததும் விடுகிறது. பூட்டு விடப்பட்ட இடைவெளியில் சுட்டி வேறெங்கோ நகர்ந்திருக்கலாம். முழுக் கோப்பையும் முதல் வாசிப்பிலேயே நினைவகத்தில் பதுக்கி வைத்துக்கொள்ளலாம் என்றால், ஏசிபிஐ அட்டவணை போன்ற சில கோப்புகளைக் கியூஎமு அவை தேர்ந்தெடுக்கப்படும் நேரத்தில்தான் புதுப்பித்துத் தருகிறது. பதுக்கியது பழசாகிவிட வாய்ப்புண்டு.

எஞ்சுவது டிஎம்ஏ என்ற நேரடி நினைவக அணுகல். செயலி ஒவ்வொரு பைட்டாக இழுக்காமல், எந்தக் கோப்பிலிருந்து எவ்வளவு தரவை நினைவகத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட, சாதனமே தரவை அங்கே கொண்டுவந்து வைப்பது இதன் சாரம். கியூஎமுவில் இந்தச் சாதனத்துக்கு டிஎம்ஏ வழியை 2015இல் சேர்த்தவர் மார்க் மாரி. அவ்வாண்டு இறுதியில் வெளியான 2.5 பதிப்பில் அது இடம்பெற்றது. சீட்டின் நீளம் 16 பைட்: 4 பைட் கட்டுப்பாட்டுச் சொல், 4 பைட் நீளம், 8 பைட் முகவரி. கட்டுப்பாட்டுச் சொல்லில் பிழை, வாசி, தாண்டு, தேர்ந்தெடு, எழுது என ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் உண்டு. இவற்றுள் தாண்டு என்ற பிட்தான் இந்தச் சிக்கலுக்கு மருந்து. வேண்டாத பைட்டுகளை வாசித்து வீசாமல், இத்தனை பைட் தாண்டிப் போ என்று ஒரே சீட்டில் சொல்லிவிடலாம். ஆகவே ஒரு பக்கத்துக்குத் தேர்ந்தெடுத்துத் தாண்ட ஒரு சீட்டு, வாசிக்க ஒரு சீட்டு என இரண்டு போதும். சீட்டின் முகவரி இரண்டு 32 பிட் பாதிகளாக எழுதப்படுவதைக் கணக்கில் கொண்டாலும், ஒரு மெகாபைட் கோப்புக்கு ஆகும் வெளியேற்றங்கள் 1,024ஐத் தாண்டா. பதின்மூன்று கோடி எங்கே, ஆயிரம் எங்கே!

லினக்ஸ் டிரைவரில் டிஎம்ஏ 2018இல் மார்க்-ஆந்த்ரே லூரோவின் முயற்சியால் வந்தது. ஆனால் அது எழுதுவதற்காக வந்தது: விருந்தினர் கெர்னல் நிலைகுலைந்தால் அதன் நினைவகத்தை வெளியிலிருந்து ஆராய உதவும் விவரத்தைக் கியூஎமுவுக்குத் தெரிவிப்பதே அதன் நோக்கம். வாசிப்பு அப்போது பழைய துறை வழியிலேயே விடப்பட்டது. எனவே வாசிப்பை விரைவாக்க முனைபவருக்கு வேண்டிய சார்பு டிரைவருக்குள்ளேயே தயாராக இருக்கிறது. அதை வாசிப்புக்கும் அழைத்தால் முடிந்துவிடும் என்று முதலில் தோன்றும். அவ்வாறு அழைத்துப் பார்ப்பவர்கள் கற்றுக்கொள்ளும் பாடங்களே இத்தொழிலின் உண்மையான சரக்கு.

முதற்பாடம் அடுக்கு நினைவகம் பற்றியது. டிரைவர் தொடங்கும்போது, சாதனம் இருக்கிறதா என்பதை உறுதி செய்ய, கியூ, இ, எம், யூ என்ற நான்கு எழுத்துகளாலான அடையாளத்தை வாசிக்கிறது. அந்த நான்கு பைட்டுகள் வந்து விழும் இடம் சார்பின் உள்மாறி, அதாவது கெர்னலின் அடுக்கில் உள்ள இடம். துறை வழியில் இதில் தவறேதுமில்லை. டிஎம்ஏ வழியிலோ சாதனத்துக்கு மெய்ந்நினைவக முகவரி தேவை. எக்ஸ்86 கெர்னல் 4.9 பதிப்பிலிருந்து அடுக்கை மெய்நிகர் வரைபடத்தின்படி ஒட்டப்பட்ட பக்கங்களில் வைத்துக்கொள்ள வழி செய்திருப்பதால், அந்த முகவரியை வழக்கமான கழித்தல் கணக்கால் மெய் முகவரியாக மாற்றினால் கிடைப்பது வேறு யாருக்கோ சொந்தமான இடம். சாதனம் கேள்வி கேட்காமல் அங்கே எழுதிவிடும். சீட்டையே அடுக்கில் வைக்காமல் கெர்னலின் நினைவகக் கிடங்கிலிருந்து தனியே பெற வேண்டியிருப்பதும் இதனால்தான். ஆகவே அடையாளம், பதிப்பு எண், கோப்புகளின் எண்ணிக்கை போன்ற சிறு வாசிப்புகளைப் பழைய வழியிலேயே விட்டுவிட்டு, பக்க அளவிலான வாசிப்புகளை மட்டும் புதிய வழியில் திருப்புவதே பாதுகாப்பு.

இரண்டாவது பைட் வரிசை. ஓர் எண்ணின் பெரிய மதிப்புப் பகுதியை முதலில் வைப்பதா, சிறிய பகுதியை முதலில் வைப்பதா என்பதில் கணினிகளிடையே இரு வழக்குகள் உள்ளன. இந்தச் சாதனத்தில் எக்ஸ்86 துறைக்கு எழுதும் திறவு சிறியது முதல். நினைவக வழிப் பதிவகத்துக்கு எழுதும் திறவு பெரியது முதல். டிஎம்ஏ சீட்டோ எல்லாக் கட்டமைப்புகளிலும் பெரியது முதல். நீளத்தை மாற்றி எழுத மறந்துவிட்டால், 4096 என்ற எண் சாதனத்தின் பார்வையில் 10,48,576 ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் கேட்ட இடத்தில் ஒரு மெகாபைட் வந்து இறங்கும். கோப்பு அவ்வளவு பெரிதாக இல்லையென்றால் மீதி இடத்தைக் கியூஎமு சுழியங்களால் நிரப்பும். கெர்னலின் வேறு பகுதிகளுக்குரிய நினைவகத்தில் திடீரெனச் சுழியங்கள் வரிசையாகத் தென்பட்டால், பழகியவர்கள் முதலில் பார்ப்பது நீளத்தின் பைட் வரிசையைத்தான்.

மூன்றாவது, வரிசை காப்பு. செயலி தன் வசதிக்காக நினைவகத்தில் எழுதும் வரிசையை மாற்றக்கூடியது என்பதால், சீட்டு முழுவதும் நினைவகத்தில் பதிந்த பின்னரே சாதனத்துக்கு அறிவிப்புப் போக வேண்டும் என்பதை ஒரு தடுப்புக் கட்டளையால் உறுதி செய்ய வேண்டும். அதேபோல, வேலை முடிந்ததைக் கட்டுப்பாட்டுச் சொல் சுழியமானதைக் கொண்டு அறிந்த பின்னரே தரவைத் தொட வேண்டும். எக்ஸ்86 கணினியில் இந்தத் தடுப்புகள் இல்லாமலும் நிரல் ஓடிவிடும்; ஆர்ம் கணினியில் என்றோ ஒருநாள் தவறும். ஒரே வகைக் கணினியில் சோதித்துவிட்டுத் திருப்தி அடைவது இத்தொழிலில் மிகப் பெரிய ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய வழியை அழித்துவிடக் கூடாது. டிஎம்ஏ வசதி உண்டா என்பதைச் சாதனமே ஒரு பிட்டில் தெரிவிக்கிறது; இல்லையென்றால் துறை வழிதான் கதி. அத்துடன், விருந்தினரின் நினைவகத்தைச் செயலியே மறையாக்கம் செய்து வைக்கும் இரகசிய மெய்நிகர் இயந்திரங்களில், சாதனம் நேரடியாக எழுதும் தரவு விருந்தினருக்குப் பொருளற்ற குப்பையாகத் தெரியும். அங்கே டிஎம்ஏவுக்கெனப் பகிர்ந்த, மறையாக்கம் நீக்கிய பக்கங்களை ஒதுக்க வேண்டும், அல்லது பழைய வழியை நாட வேண்டும். ஏஎம்டியின் எஸ்இவி தொழில்நுட்பத்தின்கீழ் ஓவிஎம்எஃப் நிலைப்பொருளும் தன் தொடக்க நிலைகளில் இந்த டிஎம்ஏவைத் தவிர்த்தே வந்திருக்கிறது. விரைவான வழி ஒன்றைச் சேர்ப்பவரின் பொறுப்பு, அது செல்லாத இடங்களை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதாகும்.

திருத்தம் முடிந்ததும் வேகத்தை அளப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியது தரவின் நேர்மை. வெளியிலுள்ள மூலக் கோப்புக்கும் உள்ளே வாசித்ததற்கும் ஹாஷ் கணித்து ஒப்பிடுவது, 4096இன் மடங்காக இல்லாத அளவுகளைக் கொடுத்துப் பார்ப்பது, கோப்பின் நடுவிலிருந்து வாசிக்கச் சொல்வது, கடைசிப் பைட்டை மட்டும் கேட்பது ஆகிய சோதனைகளில் தேறாத திருத்தம் எவ்வளவு விரைவானதாயினும் டிரைவரின் பராமரிப்பாளர் முன் வைக்கத் தகுதியற்றது.

தமிழ்நாட்டில் இந்த அறிவுக்குத் தேவை இருக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி செயலித் திட்டம் உருவாக்கிய சில்லு 2018இல் லினக்ஸை இயக்கியது. அத்திட்டத்தின் சி வகைச் செயலிக்கான மாதிரி இயந்திரம் 2021இல் கியூஎமுவின் மூலநிரலிலேயே இடம்பெற்றது. செயலியை வடிப்பவர்கள் இருக்கும் மாநிலத்தில், அதன்மேல் ஓடும் கெர்னலைத் திருத்தத் தெரிந்தவர்களும் பெருக வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளில் இயங்குதளப் பாடம் பெரும்பாலும் செயலாக்க வரிசையிடலைத் தாளில் கணக்குப் போடுவதோடு நின்றுவிடுகிறது. இந்த டிரைவரின் மூலநிரல் ஆயிரம் வரிகளுக்கு உட்பட்டது. ஒரு வாரத்தில் வகுப்பறையில் வரிவரியாகப் படித்துவிடலாம், ஆய்வுக்கூடத்திலுள்ள எந்த லினக்ஸ் கணினியிலும் ஓட்டிப் பார்க்கலாம். கணினித் துறை ஆசிரியர்கள் அடுத்த பருவத்துச் செய்முறைப் பயிற்சிகளுள் ஒன்றாக, இந்தச் சாதனத்திலிருந்து ஒரு மெகாபைட் கோப்பை வாசித்து வெளியேற்றங்களை எண்ணும் பயிற்சியைச் சேர்க்க வேண்டும்.